துலே ரேடார் தளமும் 12ஆவது விண்வெளி எச்சரிக்கைப் பிரிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில், வட துருவத்திலிருந்து சுமார் 1,500 கி.மீ. தொலைவில் ஓர் அமெரிக்கப் படைத்தளம் உண்டு. 2023 வரை அதன் பெயர் துலே, இன்று பிடுஃபிக். அங்குள்ள ரேடாரை இயக்குவது 12ஆவது விண்வெளி எச்சரிக்கைப் பிரிவு. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இரவு பகல் பாராமல் நடக்கும் இந்தக் காவலைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

இந்தப் பிரிவின் வேலைதான் என்ன?

வட துருவப் பக்கத்திலிருந்து வட அமெரிக்காவை நோக்கி ஏவுகணை வந்தால் அதைக் கண்டுபிடித்து, எங்கிருந்து கிளம்பியது, எங்கே விழும், எத்தனை வருகின்றன என்று சொல்வது முதல் வேலை. பலர் நினைப்பது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பணி அறையில் உட்கார்ந்திருப்பவர்களின் நாள் முழுக்கப் போவது வேறொன்றில்: வானத்தில் தெரியும் ஆயிரக்கணக்கான பொருள்களில் ஏவுகணை அல்லாத ஒவ்வொன்றையும் 'இது அல்ல' என்று சரியாகத் தள்ளுவது. ஏவுகணையைப் பார்க்காமல் விடுவது ஒரு பேரழிவு என்றால், இல்லாத ஏவுகணையைப் பார்த்தேன் என்று சொல்வதும் அதே அளவு பேரழிவு. இந்தத் தளத்தின் வரலாற்றை இந்த இரண்டாவது ஆபத்தை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இரண்டாவது வேலை விண்வெளிக் கண்காணிப்பு. செயற்கைக்கோள்களையும் அவற்றின் உடைந்த துண்டுகளையும் பின்தொடர்ந்து, சுற்றுப்பாதைப் பட்டியலுக்கு அளவீடுகளை அனுப்புகிறார்கள். இது ஏதோ உபரி வேலை அல்ல. மேலே எது எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் புதிதாக வரும் ஒன்றைப் புதிது என்று அடையாளம் காண முடியும்.

உலகத்தின் ஒரு மூலையில் கிடக்கும் கிரீன்லாந்து எதற்கு?

சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தைப் பார்த்தால் இது புரியாது. ஒரு பூகோள உருண்டையை எடுத்து, ரஷ்யாவின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்காவின் நடுப்பகுதிக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வட துருவத்தை ஒட்டித்தான் போகும். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை போகும் வழியும் அதுவே. பயண நேரம் சுமார் 30 நிமிடம். பாதி வழியில் ஒரு காவல்காரனை நிறுத்தினால் 15 நிமிட முன்னறிவிப்பு கிடைக்கும் என்ற கணக்கில்தான் துலே தேர்ந்தெடுக்கப்பட்டது.

இடம் ஏற்கெனவே கையில் இருந்தது. 1951 ஏப்ரலில் டென்மார்க்கும் அமெரிக்காவும் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே ஆண்டு கோடையில் கப்பல் கப்பலாக ஆளையும் பொருளையும் இறக்கி விமானத்தளத்தைக் கட்டினார்கள். ரேடார் பிறகு வந்தது.

முதல் ரேடார் எப்படி வேலை செய்தது?

1957ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும், அதே ராக்கெட்டால் குண்டையும் அனுப்ப முடியும் என்ற பயம் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில் பிறந்ததுதான் 'பீமியூஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஏவுகணை முன்னெச்சரிக்கை அமைப்பு. ஆர்.சி.ஏ. நிறுவனம் முதன்மை ஒப்பந்ததாரர். முதல் தளம் துலே, 1960 இலையுதிர்காலத்தில் இயங்கத் தொடங்கியது. அலாஸ்காவின் கிளியர் 1961லும் இங்கிலாந்தின் ஃபைலிங்டேல்ஸ் 1963லும் சேர்ந்தன.

துலேயில் நான்கு பிரம்மாண்டமான எதிரொலிப்புத் திரைகள் நின்றன. ஒவ்வொன்றும் சுமார் 50 மீட்டர் உயரம், 120 மீட்டர் அகலம். கால்பந்து மைதானத்தை நெட்டுக்குத்தாக நிறுத்தியதுபோல இருக்கும். திரை அசையாது. அதன் முன்னால் உள்ள ஊட்டுக்குழாய்கள் வழியே அலையை மாற்றி மாற்றிச் செலுத்தினால் கற்றை பக்கவாட்டில் ஓடும். தொடுவானத்துக்குச் சற்று மேலே ஒரு விசிறி, அதற்கு மேலே இன்னொரு விசிறி என்று இரண்டு கற்றைகள். ஏவுகணை கீழ் விசிறியைக் கடக்கும்போது ஒரு புள்ளி, மேல் விசிறியைக் கடக்கும்போது இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளிகளும் இடைப்பட்ட நேரமும் கிடைத்தால் வேகமும் திசையும் வந்துவிடும், அதிலிருந்து விழும் இடத்தைக் கணக்கிடலாம். கூடவே வெள்ளைக் குமிழுக்குள் ஒரு சுழலும் கிண்ண ரேடார், சந்தேகப்பட்ட பொருளைத் தனியே பின்தொடர.

1960ல் நிலவை ஏவுகணை என்று நினைத்துவிட்டார்களாமே, உண்மையா?

உண்மை. 1960 அக்டோபர் 5, தளம் வேலையைத் தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. நார்வேப் பக்கம் நிலா எழுந்தது. ரேடார் அலை நிலவில் பட்டுத் திரும்பியது. கொலராடோவில் இருந்த வட அமெரிக்க வான் பாதுகாப்புக் கட்டளையகமான நோராடின் பலகையில் எச்சரிக்கை எண் ஏறிக்கொண்டே போய் உச்சநிலையான ஐந்தைத் தொட்டது.

காரணம் எளிமையானது, அதனால்தான் முக்கியமானது. ரேடார் தூரத்தை அளப்பது துடிப்பு போய் வரும் நேரத்தை வைத்து. 3,000 கி.மீ. தொலைவில் உள்ள பொருளிலிருந்து எதிரொலி வர 0.02 வினாடி போதும். நிலா சுமார் 3,84,000 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து எதிரொலி வர சுமார் 2.56 வினாடி. அதற்குள் ரேடார் எத்தனையோ புதிய துடிப்புகளை அனுப்பிவிடும். தாமதமாக வந்த எதிரொலியை, கடைசியாக அனுப்பிய துடிப்பின் எதிரொலி என்று கருவி எடுத்துக்கொண்டது. பொருள் பக்கத்தில் இருப்பதுபோலக் கணக்கு வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து எதிரொலி வரக்கூடும் என்று வடிவமைத்தவர்கள் எதிர்பார்க்கவே இல்லை.

நோராடின் துணைத் தளபதி, கனடாவைச் சேர்ந்த ராய் ஸ்லெமன், அப்போது ஒரு கேள்வி கேட்டார்: குருஷ்சேவ் எங்கே? சோவியத் தலைவர் ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க்கில் இருந்தார். தன் தலைவர் இருக்கும் நகரத்தின் மேல் எந்த நாடு ஏவுகணை வீசும்? எச்சரிக்கை நம்பத்தக்கதல்ல என்று முடிவானது. பிறகு நிலவின் எதிரொலியைப் பிரித்து ஒதுக்கும்படி அமைப்பைத் திருத்தினார்கள். கருவி தவறிய இடத்தில் மனித அறிவு காப்பாற்றியது என்று இதைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் குருஷ்சேவ் அன்று மாஸ்கோவில் இருந்திருந்தால் அந்தக் கேள்வியால் ஒன்றும் தெளிந்திருக்காது.

இப்போது உள்ள ரேடார் எது?

1987ல் பழைய திரைகளுக்குப் பதிலாக 'ஃபேஸ்டு அர்ரே' வகை ரேடார் வந்தது. தயாரித்தது ரேதியான். சாய்ந்த இரண்டு முகங்கள் கொண்ட உயர்ந்த கட்டிடம். ஒவ்வொரு முகமும் 120 டிகிரியைப் பார்க்கும், இரண்டும் சேர்ந்து 240 டிகிரி. ஒரு முகத்தில் 2,560 இயங்கும் ஆன்டெனாக்கள். வேலை செய்யும் அலைவரிசை 420 முதல் 450 மெகாஹெர்ட்ஸ், அதாவது அலைநீளம் ஏறத்தாழ 70 செ.மீ.

இதில் எதுவும் சுழலாது. ஒவ்வொரு ஆன்டெனாவும் தன் அலையை இம்மியளவு நேரம் முன்பின்னாக அனுப்பும். அந்த வித்தியாசத்தை மாற்றினால் கற்றை வேறு திசைக்குத் திரும்பிவிடும். கிண்ணத்தைத் திருப்ப வினாடிகள் வேண்டும், இங்கே கண் இமைக்கும் நேரம்கூட வேண்டாம். ஒரே ரேடார் தொடுவானத்தில் வேலிபோலத் துழாவிக்கொண்டே, நடுநடுவே பல பொருள்களைத் தனித்தனியாகப் பின்தொடரவும் முடிவது இதனால்தான்.

பராமரிப்பவர்களுக்கு இதில் இன்னொரு நிம்மதி. பழைய ரேடாரில் ஒரு பெரிய மின்குழாய் போனால் ஒரு பக்கமே குருடாகும். இதில் ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் தனித்தனி சிறு மின்னணுத் தொகுதி. 2,560ல் 25 தொகுதிகள் செத்துப்போனாலும், அதாவது நூற்றில் ஒரு பங்கு போனாலும், ரேடார் எட்டும் தூரம் ஒரு சதவீதம்கூடக் குறையாது. கெட்டதை எடுத்துவிட்டு நல்லதைச் செருகி வேலையைத் தொடரலாம்.

பின்னர் மின்னணுப் பகுதிகளும் மென்பொருளும் புதுப்பிக்கப்பட்டன. அதற்காக அமெரிக்கா, டென்மார்க், கிரீன்லாந்து மூன்றும் 2004 ஆகஸ்ட் 6 அன்று இகலிகு என்ற ஊரில் ஒப்பந்தம் செய்துகொண்டன.

ரேடாரின் எல்லை 5,000 கி.மீ. என்கிறார்களே. அப்படியானால் ஏவியவுடன் தெரிந்துவிடுமா?

தெரியாது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மின்சக்தியைப் பொறுத்தவரை அந்தத் தூரம் சரி. ஆனால் பூமி உருண்டை. ரேடார் கற்றை நேராகப் போகும், தரை கீழே வளைந்து விலகிக்கொண்டே இருக்கும். கற்றை தொடுவானத்துக்கு மேல் குறைந்தது 3 டிகிரியில் கிளம்புகிறது என்று வைத்து வடிவியல் கணக்குப் போட்டால், 2,000 கி.மீ. தொலைவில் 400 கி.மீ. உயரத்துக்கு மேல் உள்ள பொருள்தான் தெரியும். 3,000 கி.மீ. தொலைவில் அது சுமார் 810 கி.மீ., 4,000 கி.மீ. தொலைவில் சுமார் 1,330 கி.மீ. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை எட்டும் உச்சமே சுமார் 1,200 கி.மீ. என்பதை நினைவில் வைத்தால், தூரம் என்ற எண்ணை மட்டும் பார்த்து ஒரு ரேடாரை எடைபோடக் கூடாது என்பது விளங்கும்.

ஆகவே ஏவிய முதல் நிமிடங்களில் ரேடார் எதையும் பார்க்காது. அதைப் பார்ப்பது செயற்கைக்கோள்.

செயற்கைக்கோள் பார்த்துவிட்டால் ரேடார் எதற்கு?

இரண்டும் பார்ப்பது இரண்டு வேறு விஷயங்கள். செயற்கைக்கோள் அகச்சிவப்புக் கதிரில் ராக்கெட்டின் நெருப்பைப் பார்க்கிறது. 1970 முதல் அமெரிக்கா இந்தச் செயற்கைக்கோள்களை வைத்திருக்கிறது. நெருப்பு அணைந்ததும், அதாவது ஏவிய சில நிமிடங்களில், அதன் வேலை முடிந்துவிடும். ரேடார் பார்ப்பது பொருளை. அணைந்து, குளிர்ந்து, விண்வெளியில் மிதந்து வரும் குண்டு முனையை அது அளக்கும்.

வெவ்வேறு இயற்பியல் விதிகளில் இயங்கும் இரண்டு கண்கள் ஒரே நேரத்தில் ஒரே பொய்யைச் சொல்வது அரிது. இதன் அருமை 1983 செப்டம்பர் 26 அன்று, எதிர் முகாமில் தெரிந்தது. மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 நிலையத்தில் சோவியத் செயற்கைக்கோள் அமைப்பு, அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் கிளம்பியதாகச் சொன்னது. உயர்ந்த மேகங்களில் பட்ட சூரிய ஒளிதான் அது. பணியில் இருந்த அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ், ஐந்தே ஐந்தை வைத்து யாரும் போர் தொடங்க மாட்டார்கள் என்று யோசித்துப் பொய் எச்சரிக்கை என்று அறிவித்தார். தரை ரேடார்கள் எதையும் காணவில்லை என்பதும் அவர் பக்கம் நின்றது.

எச்சரிக்கை வந்தால் வரிசையாக என்ன நடக்கும்?

வேலிபோன்ற துழாவலில் ஒரு பொருள் மாட்டும். ரேடார் உடனே சில கற்றைகளை அதே இடத்துக்கு அனுப்பி, உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா என்று உறுதிசெய்யும். இருந்தால் பின்தொடரத் தொடங்கும். கணினி பாதையை வரைந்து, பட்டியலில் உள்ள செயற்கைக்கோளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துப்போகாமல், பாதை பூமியில் போய் முட்டினால், ஏவிய இடமும் விழும் இடமும் நேரமும் கணக்கிடப்பட்டு, செய்தி தானாகவே கொலராடோவின் செயென் மலையில் உள்ள நோராட் மையத்துக்குப் போகும். மனிதர் கைவைக்கும் வரை அது காத்திருப்பதில்லை.

குழுவின் வேலை அந்த நொடியில் தொடங்குகிறது. ரேடாரின் இரண்டு முகமும் ஒழுங்காக இருக்கின்றனவா, சோதனைச் செய்தி ஏதும் கலந்துவிட்டதா, அறிவிக்கப்பட்ட ஏவுதல் உண்டா, கீழிறங்கும் செயற்கைக்கோளா என்று பார்த்து, குழுத்தலைவர் 'இது செல்லும்' அல்லது 'செல்லாது' என்று குரலால் அறிவிக்க வேண்டும். மணிக்கணக்கு இல்லை, வினாடிக்கணக்கு. செயென் மலையில் ரேடார்களும் செயற்கைக்கோளும் சொன்னதை ஒன்றுசேர்த்து, எவ்வளவு நம்பிக்கையோடு இதைத் தாக்குதல் என்று சொல்லலாம் என நோராட் தளபதி மதிப்பிடுவார்.

எவையெல்லாம் ரேடாரை ஏமாற்றும்?

துருவ ஒளி முதலாவது. சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் சுமார் 100 கி.மீ. உயரத்தில் காற்றை அயனியாக்கும்போது, 430 மெகாஹெர்ட்ஸ் அலை அதில் பட்டுத் திரும்பும். துருவத்தை ஒட்டிய துலேக்கு இது பழகிய தொல்லை. பிரித்தறிய உதவுவது நகர்வு: ஏவுகணை ஈர்ப்பு விசைக்குக் கட்டுப்பட்ட பாதையில் சீராகப் போகும், ஒளித்திரை அப்படிப் போகாது.

அயனி மண்டலம் இன்னொரு விதத்திலும் தொந்தரவு தரும். அலையை இலேசாக வளைத்துத் தாமதப்படுத்தும். திருத்தாவிட்டால் தூரமும் கோணமும் தப்பாக வரும், விழும் இடம் நகர்ந்துவிடும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது கீழே விழும் செயற்கைக்கோள். அது உண்மையிலேயே பூமியில்தான் முட்டப்போகிறது, கணினி சொல்வது பொய்யல்ல. பட்டியல் அன்றன்றைக்குச் சரியாக இருந்தால்தான் தப்பலாம்.

ரேடார் சரியாக இருந்தும் எச்சரிக்கை தவறியது உண்டா?

உண்டு, அவைதான் அதிகம் பயமுறுத்துகின்றன. 1961 நவம்பர் 24 அன்று, அமெரிக்கக் குண்டுவீச்சுப் படையின் தலைமையகத்துக்கு துலேயோடும் நோராடோடும் இருந்த தொடர்பு ஒரே நேரத்தில் அறுந்தது. தாக்குதல் என்றால் முதலில் இப்படித்தான் தெரியும். விமானிகள் புறப்படத் தயாராக நின்றார்கள். துலேக்கு அருகே பறந்துகொண்டிருந்த ஒரு பி-52 விமானத்தைத் தொடர்புகொண்டபோது, தளம் பத்திரமாக இருப்பதாகப் பதில் வந்தது. கொலராடோவில் ஒரு தொலைபேசி இடைநிலையத்தில் மோட்டார் சூடேறியதுதான் காரணம். மாற்று வழி என்று காகிதத்தில் இருந்த கம்பிகள் எல்லாம் அதே நிலையத்தின் வழியாகவே போயின.

1979 நவம்பர் 9 அன்று நோராட் கணினியில் ஒரு பயிற்சித் தாக்குதல், உண்மையான செய்தியாகத் திரையில் வந்தது. போர் விமானங்கள் மேலெழுந்தன. ரேடார், செயற்கைக்கோள் நிலையங்களை நேரடியாகக் கேட்டதும், ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அதன்பின் சோதனைகளுக்கென்று தனி இடம் அமைத்தார்கள். 1980 ஜூன் 3 அன்று ஒரு 46 சென்ட் சில்லு பழுதாகி, பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 2 என்ற எண்ணை நிரப்பியது. தொடர்பைச் சோதிக்கும் வெற்றுச் செய்தியும் தாக்குதல் செய்தியும் ஒரே வடிவத்தில் இருந்ததால் இல்லாத ஏவுகணைகள் திரையில் வந்தன. செய்தி வடிவத்தை மாற்றினார்கள், பிழை கண்டறியும் குறியீட்டைச் சேர்த்தார்கள். அதை முன்பே செய்யாதது என் பார்வையில் மன்னிக்க முடியாத அலட்சியம்.

1968ல் அணுகுண்டு விமானம் அங்கே விழுந்தது ஏன்?

மேலே சொன்ன 'தளம் பத்திரமா' என்ற கேள்விக்காகவே அந்நாளில் ஒரு பி-52 விமானம் துலேயின் மேல் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். 1968 ஜனவரி 21 அன்று அதில் இருக்கைக்கு அடியில் வெப்பக் காற்று வரும் துவாரத்தருகே வைத்த ரப்பர் மெத்தைகள் தீப்பிடித்தன. புகையில் விமானிகளால் கருவிகளைப் படிக்க முடியவில்லை. ஏழு பேரில் ஆறு பேர் பிழைத்தார்கள். நான்கு ஹைட்ரஜன் குண்டுகளோடு விமானம் விரிகுடாவின் உறைபனியில் மோதியது. அணு வெடிப்பு நிகழவில்லை, ஆனால் கதிரியக்கப் பொருள் பனியில் சிதறியது. ஒருவேளை அணுகுண்டு வெடித்திருந்தால் துலேயின் தொடர்பு அறுந்து, கொலராடோவில் அது சோவியத் தாக்குதலாகவே தெரிந்திருக்கும். தளத்தைக் காக்க வைத்த ஏற்பாடே பொய் எச்சரிக்கையின் மூலமாக ஆகக்கூடிய நிலை. அணுகுண்டோடு எப்போதும் வானில் சுற்றும் வழக்கம் அதோடு நின்றது.

இந்த ரேடார் ஏவுகணையைச் சுடுமா?

சுடாது. புதுப்பித்த பிறகு அதன் அளவீடுகள் அலாஸ்காவின் ஃபோர்ட் கிரீலியிலும் கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க்கிலும் உள்ள இடைமறிப்பு ஏவுகணைகளுக்கும் பயன்படுகின்றன.

அந்தக் குளிரில் கட்டிடம் எப்படி நிற்கிறது?

அங்கே எதிரி குளிர் அல்ல, வெப்பம். தரைக்கு அடியில் மண் ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கும். கட்டிடத்தின் சூடு கீழே இறங்கினால் மண் இளகி அஸ்திவாரம் இறங்கும். ஆகவே தரையைத் தூக்கிக் கட்டி, அடியில் குளிர்காற்று ஓட இடம் விடுவார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் எழாது. கடல் வழி திறப்பது கோடையில் சில வாரம், ஓர் ஆண்டுக்கான கனமான பொருள்கள் அப்போதே வந்தாக வேண்டும். புயலுக்குப் படிநிலைகள் உண்டு. உச்ச நிலை அறிவித்தால் இருக்கும் கட்டிடத்தை விட்டு யாரும் நகரக் கூடாது, பணி முடிந்த குழு ரேடார் தளத்திலேயே தங்கும். 1972 மார்ச் 8 அன்று தளத்தருகே மணிக்கு 333 கி.மீ. காற்று பதிவானது.

இந்தப் பிரிவு யாருடைய கட்டளையின் கீழ் இருந்தது?

வான் பாதுகாப்புக் கட்டளை, 1979 முதல் குண்டுவீச்சுப் படைக் கட்டளை, 1983 முதல் விமானப்படையின் விண்வெளிக் கட்டளை என்று மாறியது. 1992ல் 'ஏவுகணை எச்சரிக்கை' என்பது 'விண்வெளி எச்சரிக்கை' ஆனது. 2019 டிசம்பரில் அமெரிக்க விண்வெளிப் படை உருவானபின் அதற்குள் வந்தது. 2020 முதல் மேலமைப்பு, கொலராடோவின் பக்லி தளத்தில் உள்ள டெல்டா 4.

அங்கே முன்பு வாழ்ந்த மக்கள் என்ன ஆனார்கள்?

தளம் அமைந்த இடத்தை ஒட்டி இனுகுயிட் மக்கள் வாழ்ந்தார்கள், வேட்டைதான் பிழைப்பு. 1953ல் சில நாள் அவகாசம் மட்டும் கொடுத்து அவர்களை நூறு கி.மீ.க்கும் மேல் வடக்கே கானாக் பகுதிக்கு அனுப்பினார்கள். 1999ல் டென்மார்க் உயர் நீதிமன்றம் இதைத் தவறு என்று சொல்லி இழப்பீடு வழங்கியது, பிரதமர் பௌல் நியூரப் ராஸ்முசென் மன்னிப்புக் கேட்டார். 2003ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது, ஆனால் திரும்பி வாழும் உரிமையைத் தரவில்லை. 2023 ஏப்ரலில் தளத்துக்குச் சூட்டிய பிடுஃபிக் என்ற பெயர் அவர்கள் அந்த இடத்தை அழைத்த பெயர். நாய்களைக் கட்டிவைக்கும் இடம் என்று பொருள்.